ஒரே மாதிரி இருக்கும் கிருமிகளை லேபில் எப்படிப் பிரிக்கிறோம்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கல்ச்சர் போடும், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும், ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். கவுன்ட்டரில் ரிப்போர்ட் வாங்க வருபவர்கள், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு பக்கமிருந்து போன் போடும் சின்ன லேப்காரர்கள், பயிற்சிக்கு வரும் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் படிப்பு) மாணவர்கள் என மூன்று தரப்பும் கேட்பதைக் கலந்தே இங்கே கொடுத்திருக்கிறேன். சில பதில்கள் லேப் ஆட்களுக்கு மட்டுமே பயன்படும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிருமி வளர்ந்தது, எந்த மருந்து கேட்கும் என்றும் பார்த்தாகிவிட்டது. அப்புறம் பெயர் எதற்கு?

மருந்து கேட்குமா என்று சொல்வதற்கே பெயர் வேண்டும். கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை மேலே வைத்து, மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராமல் விட்ட வட்டத்தை ஸ்கேலால் அளக்கிறோம். அந்த மில்லிமீட்டரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்தக் கிருமிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அட்டவணை இருக்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்ற ஆய்வகத் தர அமைப்பு வெளியிடும் அட்டவணையைத்தான் பார்க்கிறோம்.

சீழில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்திருக்கிறது, குளாக்சசிலின் வகை கேட்குமா என்று காட்டும் செஃபாக்சிட்டின் வில்லையைச் சுற்றி 23 மி.மீ. வட்டம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் 22-உம் அதற்கு மேலும் இருந்தால் மருந்து கேட்கும். குளாக்சசிலின், செஃபசோலின் வகையே போதும். அதே 23, ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸுக்கு என்றால் கேட்காது. அதற்கு 25 வேண்டும். டாக்டர் வான்கோமைசின் பக்கம் போக வேண்டியிருக்கும். வட்டம் ஒன்றுதான், ரிப்போர்ட் இரண்டு. பெயரைத் தப்பாகப் போட்டால் அளந்தது எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

அப்படியானால் எல்லாக் கிருமிக்கும் முழுப் பெயர் கண்டுபிடித்தே ஆக வேண்டுமா?

தேவையில்லை. பெயர் மாறினால் மருந்து மாறுமா, அல்லது மற்றவர்களைக் காப்பாற்றச் செய்யும் ஏற்பாடு மாறுமா? இரண்டில் ஒன்று மாறும் என்றால் விடாமல் தேட வேண்டும். எதுவும் மாறாது என்றால் இனக்குழுவின் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. தெரியாத இடத்தில் அழகான இரட்டைப் பெயர் போடுவதைவிட 'காம்ப்ளெக்ஸ்' (நெருங்கிய சொந்தங்களின் கூட்டம்) என்று போடுவது நல்ல ரிப்போர்ட். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

போன தடவை 'கிளெப்சியெல்லா நிமோனியே', இந்தத் தடவை 'கிளெப்சியெல்லா நிமோனியே காம்ப்ளெக்ஸ்' என்று வந்திருக்கிறது. நோய் முற்றிவிட்டதா?

இல்லை, பயப்பட வேண்டாம். நிமோனியே என்று நாம் இத்தனை காலம் எழுதிவந்த கூட்டத்துக்குள் வேரிகோலா, குவாசிநிமோனியே என்று நெருங்கிய சொந்தங்கள் ஒளிந்திருந்தன. வேரிகோலாவுக்கு 2004-இலும் குவாசிநிமோனியேவுக்கு 2014-இலும் தனிப் பெயர் வந்தது. சாதாரண ரசாயனச் சோதனையில் மூன்றும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். டாக்டர் பார்ப்பது எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலை. அது அப்படியே பொருந்தும். அசினெட்டோபாக்டர் பவ்மானியைச் சுற்றியுள்ள கூட்டமும் இதே கதைதான்.

ஆனால் கிளெப்சியெல்லா ஆக்சிடோகாவைப் பிரிப்பது சுலபம்: இண்டோல் சோதனையில் கோவாக்ஸ் ரீஏஜென்ட் விட்டதும் சிவப்பு வளையம் வரும். நிமோனியேவுக்கு வராது. சில காசு செலவில் முடியும் வேலையைச் செய்யாமல் விடுவதற்குக் காரணம் கிடையாது.

ஆரியஸைப் பிரிக்க ஸ்லைடு கோயாகுலேஸ் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. பல சின்ன லேப்களில் ஸ்லைடோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்லைடில் பார்ப்பது கிருமியின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் 'கிளம்பிங் ஃபேக்டர்'. டியூபில் பார்ப்பது கிருமி வெளியே விடும், பிளாஸ்மாவை உறைய வைக்கும் கோயாகுலேஸ். இரண்டும் வேறு வேறு பொருட்கள். சில ஆரியஸ் ஸ்லைடில் ஒன்றும் காட்டாமல் டியூபில் மட்டும் உறைய வைக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் நேர் எதிர்: ஸ்லைடில் கட்டிகட்டியாகத் திரளும், டியூபில் உறையாது. லக்டுனென்சிஸை 'தோலில் இருக்கிற சாதாரணக் கிருமி' என்று ஒதுக்கிவிட்டால் வம்பு. இதய வால்வில் உட்கார்ந்தால் ஆரியஸ் அளவுக்கு நாசம் செய்யும் கிருமி அது. பி.ஒய்.ஆர். சோதனையும் ஆர்னிதின் சோதனையும் (இரண்டும் கிருமியின் நொதியைப் பார்ப்பவை) பாசிட்டிவ் வந்தால் லக்டுனென்சிஸ்தான் என்று ஏறக்குறைய உறுதி.

டியூப் போடும்போது முயல் பிளாஸ்மா வாங்கிப் போடுங்கள், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. கலந்தது. ரத்த வங்கியில் தேதி முடிந்த பையிலிருந்து எடுக்கும் மனித பிளாஸ்மா சும்மா கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம், மஞ்சள் காமாலை வைரஸ் இருக்கலாம், கலந்திருப்பதோ சிட்ரேட். சிட்ரேட்டைத் தின்னக்கூடிய எண்டரோகாக்கஸ் கொஞ்சம் கலந்திருந்தால்கூடப் பிளாஸ்மா தானாக உறைந்து, பொய் பாசிட்டிவ் காட்டும்.

37 டிகிரியில் வைத்து முதல் 4 மணி நேரமும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். குலுக்கக் கூடாது, மெதுவாகச் சாய்க்க வேண்டும். சில ஆரியஸ் உறைய வைத்த கட்டியைத் தானே ஸ்டெஃபைலோகைனேஸ் விட்டுக் கரைத்துவிடும். காலையில் போட்டுவிட்டு மறுநாள் வந்து பார்ப்பவருக்கு டியூப் தண்ணீராகத்தான் தெரியும். 'நெகட்டிவ்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். 4 மணி நேரத்தில் உறையாததை மட்டும் வெளியே எடுத்து, அறை வெப்பத்தில் மறுநாள் வரை விட்டுப் பாருங்கள்.

நாய் கடித்த புண்ணில் கோயாகுலேஸ் பாசிட்டிவ் வந்தால் ஆரியஸ் என்று போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நாயின் வாயிலும் தோலிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸும் டியூபை உறைய வைக்கும். பி.ஒய்.ஆர். போட்டால் அது பாசிட்டிவ், ஆரியஸ் நெகட்டிவ். இதற்கு செஃபாக்சிட்டின் வில்லையை நம்பக் கூடாது, ஆக்சசிலின் வில்லை வைக்க வேண்டும். கடி, கீறல் என்று மாதிரிச் சீட்டில் எழுதி அனுப்பினால்தான் எங்களுக்கு இந்த யோசனையே வரும். வெறும் 'சீழ்' என்று எழுதி அனுப்பாதீர்கள்.

ஏனுங்க, பெரிய ஊர்ல மெஷின்ல போட்டா அரைமணி நேரத்துல பேர் வந்துடுமாமே, நீங்க ஏன் மூணு நாள் கேக்கறீங்க?

நீங்கள் சொல்வது மால்டி-டாஃப். நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. வளர்ந்த கிருமியில் ஒரு துளியை உலோகத் தட்டில் தடவி, மேலே ஒரு ரசாயனம் விட்டு, லேசர் பாய்ச்சுவார்கள். கிருமியின் புரதங்கள், முக்கியமாக ரைபோசோம் புரதங்கள், எடைக்குத் தகுந்த வேகத்தில் குழாயில் ஓடி மறுமுனையைத் தொடும். அந்த எடைகளின் வரிசையைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுக் கருவி பெயர் சொல்லும். புரதங்களைச் சிதைக்காமல் இப்படி எழுப்பிவிடலாம் என்று காட்டியதற்காக ஜப்பானின் கோயிச்சி டனாகாவுக்கு 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் கருவிக்குக் கொடுக்கக் கிருமி முதலில் தட்டில் வளர வேண்டுமே. அதற்கு ஒரு ராத்திரி. மருந்து வில்லை வைத்துப் பார்க்க இன்னொரு ராத்திரி. கருவி மிச்சப்படுத்துவது நடுவிலுள்ள டியூப் சோதனை நாளை மட்டும்தான். ரத்தக் கல்ச்சர் என்றால் பாட்டிலில் முளைக்கிற நேரமும் சேரும்.

மெஷின் சொன்ன பெயரை அப்படியே நம்பலாமா?

நூற்றுக்குப் பெரும்பங்கு நம்பலாம். எல்லா இடத்திலும் நம்பக் கூடாது. அதிகம் புழங்கும் ஒரு நிறுவனத்தின் கருவியில் 2.0-உம் அதற்கு மேலும் மதிப்பெண் வந்தால் இனப்பெயர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் இரண்டு கிருமிகளின் ரைபோசோம் புரதமே ஒன்றாக இருந்தால் 2.3 வந்தும் என்ன பயன்? கருவியின் பட்டியலில் ஒரு கிருமியே இல்லை என்றால், இல்லாத ஆளைப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரால் கூப்பிடுவது போல, அதன் நெருங்கிய சொந்தத்தின் பெயரைத் தைரியமாகச் சொல்லும். ஈ.கோலையும் ஷிகெல்லாவும், நிமோனியா தரும் நிமோகாக்கஸும் வாயில் வாழும் மைட்டிஸ் கூட்டமும், மெலியாய்டோசிஸ் கிருமி (கீழே வருகிறது): இந்த மூன்று இடத்தில் கருவியின் சொல்லை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஈ.கோலையும் ஷிகெல்லாவும் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா?

மரபணுவை வைத்துப் பார்த்தால் உண்மைதான். ஷிகெல்லா என்பது ஈ.கோலை குடும்பத்துக்குள்ளேயே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கிளைகளிலிருந்து கிளம்பிய கூட்டம். தியோடர் எஷெரிக் 1885-இல் குழந்தைகளின் மலத்தில் ஈ.கோலையைக் கண்டார். கியோஷி ஷிகா 1897-இல் ஜப்பானில் சீதபேதி பரவியபோது மற்றதைக் கண்டார். அப்போது வைத்த இரண்டு பெயர்களும் இன்றுவரை தனித்தனியாகவே இருக்கின்றன. டாக்டருக்கு அதுதான் வசதியும்கூட: மலத்தில் ஈ.கோலை இருப்பது சாதாரணம், ஷிகெல்லா இருந்தால் நோய். மிகக் குறைந்த எண்ணிக்கையே உள்ளே போனாலும் தொற்றிவிடும். விடுதியிலோ எஸ்டேட் குடியிருப்பிலோ ஒருவருக்கு வந்தால் அடுத்தவரைக் கவனிக்க வேண்டும்.

லேபில் செய்ய வேண்டியது: ரத்தமும் சளியும் கலந்த பேதி என்று மாதிரி வந்து, லாக்டோஸைப் புளிக்க வைக்கும் கிருமி இளஞ்சிவப்பாகும் மெக்கான்கி தட்டில் வெளிறிய காலனி (கிருமித் திட்டு) இருந்து, கருவி 'ஈ.கோலை' என்று சொன்னால் நிறுத்துங்கள். அசைவு பாருங்கள், லைசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கிறதா பாருங்கள். ஷிகெல்லா அசையாது, லைசினை உடைக்காது, குளுக்கோஸிலிருந்து பொதுவாக வாயுவும் விடாது. பிறகு ஆன்டிசீரம் (குறிப்பிட்ட கிருமியைத் திரள வைக்கும் திரவம்) வைத்துத் திரள்கிறதா என்று பார்த்து டிசென்ட்ரியே, ஃபிளெக்ஸ்னெரி, பாய்டி, சோனி என்று பிரிக்கலாம். சோனி மட்டும் சில நாள் கழித்து லாக்டோஸைப் புளிக்க வைக்கும். ஆகவே பழைய தட்டை எடுத்து வைத்துக்கொண்டு 'இளஞ்சிவப்பாக இருக்கிறதே' என்று குழம்ப வேண்டாம்.

சளியில் நிமோகாக்கஸா, வாயில் சும்மா இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸா என்று எப்படித் தெரியும்?

இரண்டும் ரத்தத் தட்டில் பச்சை வளையம் விடும். ஆப்டோச்சின் என்ற மருந்து வில்லை வைத்து, கரியமில வாயு கூடிய சூழலில் வளர்த்து, 14 மி.மீ.யும் அதற்கு மேலும் வந்தால் நிமோகாக்கஸ். அதற்குக் குறைவாக வட்டம் வந்தால் பித்த உப்பு சோதனைக்குப் போக வேண்டும். காலனி மேலேயே டிஆக்சிகோலேட் என்ற அந்தப் பித்த உப்பு ஒரு சொட்டு விடுங்கள். நிமோகாக்கஸ் என்றால் கால் மணி நேரத்தில் காலனி கரைந்து தட்டையாகிவிடும். தட்டைச் சாய்த்துவிட்டால் காலனி கரையாமலே அடித்துக்கொண்டு போகும், அதைக் கரைந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூடோநிமோனியே என்ற கிருமி, 2004-இல் பெயர் பெற்றது. கரியமில வாயுவில் வளர்த்தால் ஆப்டோச்சினை எதிர்க்கும், சாதாரணக் காற்றில் வளர்த்தால் பணிந்துபோகும். கரியமில வாயு கூடும் மெழுகுவர்த்தி ஜாடியில் வைக்காமல் வெளியே வைத்துவிட்டு நிமோகாக்கஸ் என்று எழுதும் லேப்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

சர்க்கரை நோயாளி, விவசாயி, ரிப்போர்ட்டில் 'சூடோமோனாஸ் ஸ்பீசீஸ்' என்று வந்திருக்கிறது. காய்ச்சல் விடவில்லை. வேறு ஏதாவது இருக்குமா?

இருக்கலாம். இந்தப் பக்கத்தை எழுதியதற்குப் பாதிக் காரணம் இந்தக் கேள்விதான்.

பர்கோல்டேரியா சூடோமல்லை என்று ஒரு மண் கிருமி. அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். 1912-இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோரும் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் முதலில் எழுதி வெளியிட்டார்கள். ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோய் இருப்பவரைத்தான் அதிகம் பிடிக்கும். மழைக்காலத்தில் கூடும். தமிழ்நாட்டிலும் கர்நாடகக் கரையோரத்திலும் நெடுநாளாகக் கண்டறியப்பட்டு வருகிறது, வேலூர் சி.எம்.சி. இதைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறது. மேட்டூர் வாய்க்கால் வயலில் சேற்றில் நின்று வேலை செய்பவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், நுரையீரலில் காச நோய் மாதிரி நிழல், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்றால் டாக்டரும் லேபும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கிருமி இது. டி.பி. மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் தேறாதவர்களிடமும் இதைத் தேட வேண்டும்.

லேபில் ஏன் தப்பிக்கிறது? முதல் நாள் தட்டில் சின்னச் சின்ன வழவழப்பான காலனி, பார்த்தால் எதுவும் தோன்றாது. ஆக்சிடேஸ் (காகிதத்தில் தேய்த்தால் ஊதா நிறம் தரும் சோதனை) பாசிட்டிவ், லாக்டோஸைப் புளிக்க வைக்காது. 'சூடோமோனாஸ்' என்று எழுதத் தோன்றும், அல்லது அசுத்தம் என்று குப்பையில் போகும். மூன்று நாலு நாள் விட்டுவைத்தால்தான் காலனி வறண்டு சுருக்கம் விழும். தானியங்கிக் கருவிகள் இதைப் பர்கோல்டேரியா செபேசியா என்று சொன்னதுண்டு. பட்டியலில் சூடோமல்லை இல்லாத மால்டி-டாஃப், நோய் தராத அதன் சொந்தமான தாய்லாண்டென்சிஸ் என்று சொல்லும். தாய்லாண்டென்சிஸ் என்று எந்த மெஷின் சொன்னாலும் நான் சூடோமல்லை என்று எண்ணித்தான் அடுத்த அடி வைப்பேன்.

பைசா செலவில்லாத துப்பு ஒன்று உண்டு. மருந்து வில்லைகளை ஒருசேரப் பாருங்கள். ஆக்சிடேஸ் பாசிட்டிவ் ஆன ஒரு கிராம் நெகட்டிவ் கிருமி ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்கவில்லை, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குகிறது என்றால் அது சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆக முடியாது. ஏருஜினோசாவுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் பிறவியிலேயே கேட்காது. (மலேசியாவின் சரவாக் பக்கம் ஜென்டமைசினுக்கு அடங்கும் சூடோமல்லையும் உண்டு. விதி என்று இருந்தால் விலக்கும் இருக்கத்தான் செய்யும்.) சூடோமல்லை என்றால் திரளும் லேடெக்ஸ் சோதனை கையிலிருந்தால் உடனே போடலாம். அராபினோஸ் என்ற சர்க்கரையை தாய்லாண்டென்சிஸ் பயன்படுத்தும், சூடோமல்லை பயன்படுத்தாது.

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து தட்டை மேசையில் வைத்துத் திறக்காதீர்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் (பயோசேஃப்டி கேபினட்) மட்டும் வேலை. மண் வாசனை வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக முகர்ந்து பார்க்கவே கூடாது, எந்தத் தட்டையும்தான்.

பெயர் சரியாக வந்தால் சிகிச்சை முழுவதும் மாறும். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம்போல. 'சூடோமோனாஸ்' என்று நினைத்து ஒரு வாரத்தில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

டைபாய்டு என்றால் டைபாய்டுதானே, டைஃபியா பாராடைஃபியா என்று ஏன் பார்க்க வேண்டும்?

சால்மோனெல்லா டைஃபிக்கும் பாராடைஃபி ஏ-வுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். தடுப்பூசி வேறு. இப்போது போடும் டைபாய்டு ஊசி 'வி' என்ற வெளிச் சர்க்கரையைக் குறிவைப்பது. பாராடைஃபி ஏ-வுக்கு அது கிடையாது. 'ஊசி போட்டும் டைபாய்டு வந்துவிட்டது' என்று கோபமாக வருபவரிடம் சொல்ல லேபுக்குப் பதில் வேண்டாமா?

டி.எஸ்.ஐ. (மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்த அகார்) டியூபில் இரண்டும் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள். டைஃபி வாயு விடாது, ஊசி குத்திய கோட்டின் மேல் மீசை மாதிரி மெல்லிய கறுப்பு விழும். பாராடைஃபி ஏ வாயு விட்டு அகாரில் விரிசல் போடும், கறுப்பு பெரும்பாலும் வராது, லைசின் நெகட்டிவ். முடிவை ஆன்டிசீரம் சொல்லும்.

இதெல்லாம் ரத்தக் கல்ச்சர் இருந்தால்தான். வைடால் (ரத்தத்திலுள்ள ஆன்டிபாடியைப் பார்க்கும் சோதனை) ஒரே ஒரு தடவை போட்டு '1:160' என்று எழுதிக் கொடுப்பதை நான் டைபாய்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. பழைய நோய், பழைய ஊசி, வேறு காய்ச்சல் எல்லாம் அதைத் தூக்கிக் காட்டும். காய்ச்சல் வந்த முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் எடுத்தால் கிருமியே கிடைக்கும்.

'வான்கோமைசின் கேட்காத எண்டரோகாக்கஸ்' என்று வந்ததால் நோயாளியைத் தனி அறையில் போட்டுவிட்டார்கள். சரியா?

எந்த எண்டரோகாக்கஸ் என்று கேளுங்கள். ஃபீசியம், ஃபீக்காலிஸ் என்றால் சரி, அந்த எதிர்ப்பு மற்ற நோயாளிகளுக்குத் தாவக்கூடியது. கல்லினாரம், கேசெலிஃபிளேவஸ் என்றால் பிறவியிலேயே கொஞ்சம் எதிர்ப்பு உண்டு, அது தாவாது. இவை இரண்டும் அசையும். கேசெலிஃபிளேவஸை வெள்ளைப் பஞ்சால் எடுத்தால் மஞ்சளாக ஒட்டும். ஒரு அசைவு சோதனை போட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தனி அறை வாடகை மிச்சம்.

சளியில் டி.பி. கிருமி தெரிகிறது, சிபிநாட்டில் (காச நோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) இல்லை என்கிறது. எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். நுண்ணோக்கியில் சிவப்பாகத் தெரியும் கிருமியெல்லாம் காச நோய்க் கிருமி அல்ல. அதன் சொந்தங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் உண்டு. கல்ச்சர் போட்டு, வளர்ந்ததில் எம்.பி.டி.64 பட்டைச் சோதனை செய்தால் காச நோயா இல்லையா என்று பிரிந்துவிடும். இல்லை என்று வந்தால் எந்த இனம் என்று பெரிய லேபில் பார்த்தே ஆக வேண்டும், மருந்து இனத்துக்கு இனம் வேறு.

மரபணு வரிசை பார்த்துவிட்டால் எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிடும்தானே?

இனம் கண்டுபிடிக்க வழக்கமாகப் படிக்கும் 16எஸ் மரபணு சுமார் 1,500 எழுத்து. வழக்கமாக 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனால் வேறு இனம் என்கிறார்கள். ஆனால் அதற்கு மேலே ஒத்துப்போனால் ஒரே இனம் என்று அர்த்தமில்லை. ஈ.கோலை - ஷிகெல்லா, நிமோகாக்கஸ் - மைட்டிஸ் ஜோடிகளில் 16எஸ் கிட்டத்தட்ட அச்சு அசல். எங்கே கண் தடுமாறுகிறதோ அங்கே அதுவும் தடுமாறும். முழு மரபணுவையும் படித்தால் தெளிவு கிடைக்கும். காய்ச்சலில் கிடப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது.

எண்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ் எங்கே போயிற்று?

2017-இல் இருந்து கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ். பெயர்தான் மாறியது, குணம் மாறவில்லை: முதலில் செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்குவதாகக் காட்டிவிட்டு, சிகிச்சை நடக்கும்போதே எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் பழைய பெயரையும் சேர்த்துப் போடுங்கள், டாக்டர்கள் திட்ட மாட்டார்கள்.

ஆக்சிடேஸ் எனக்கு எல்லாமே பாசிட்டிவ் வருகிறது மேடம், என்ன தப்பு?

நிக்ரோம் கம்பியால் எடுக்கிறாயா? அதிலுள்ள இரும்பே காகிதத்தை ஊதாவாக்கிவிடும். பல் குத்தும் மரக்குச்சியால் எடு. 10 வினாடிக்குள் நிறம் வந்தால்தான் கணக்கு; அரை நிமிடம் கழித்து வருவதைப் பார்க்காதே. மெக்கான்கி தட்டிலிருந்து எடுக்காதே, அங்கே உள்ள நிறமும் அமிலமும் குழப்பும். ரீஏஜென்ட் தானாக ஊதாவாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கு. தினமும் காலையில் ஏ.டி.சி.சி. சேமிப்பிலிருந்து வரும் 27853 சூடோமோனாஸையும் (பாசிட்டிவ் வர வேண்டும்) 25922 ஈ.கோலையையும் (நெகட்டிவ் வர வேண்டும்) பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நோயாளியின் கிருமியைத் தொடு. கேட்டலேஸுக்கும் (பெராக்சைடு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஒன்று சொல்கிறேன்: ரத்தத் தட்டிலிருந்து அகாரையும் சேர்த்துச் சுரண்டினால் சிவப்பணுவே நுரைக்கும்.

ஏற்காட்டிலிருந்து மாதிரி அனுப்புகிறோம். மேலே குளிராகத்தானே இருக்கிறது, ஐஸ் வேண்டுமா?

ஏற்காட்டுக் குளிர் ஃபிரிட்ஜ் ஆகாது. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டி எங்களிடம் வருவதற்குள் சிறுநீர் 2 மணி நேரத்தைத் தாண்டிவிடும். கீழே வந்தால் சேலத்து வெயில் வேறு. சிறுநீரை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஒரு நாள் வரை தாங்கும்.

முதுகுத் தண்டு நீரை மட்டும் ஃபிரிட்ஜிலோ ஐஸிலோ வைக்கவே கூடாது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் குளிரில் செத்துப்போகும். பிறகு நாங்கள் எதைப் பிரிப்பது? ரத்தக் கல்ச்சர் பாட்டிலும் அறை வெப்பத்திலேயே வரட்டும். மலத்தைச் சும்மா டப்பாவில் அனுப்பினால் ஷிகெல்லா வழியிலேயே இறந்து ஈ.கோலை மட்டும் மிஞ்சும், கேரி-பிளேர் ஊடகத்தில் பஞ்சுக்குச்சியாக அனுப்புங்கள்.

எங்கள் லேபில் பெயர் பிடிபடவில்லை. வளர்ந்த கிருமியையே வேறு லேபுக்கு எப்படி அனுப்புவது?

தட்டை அப்படியே டேப் ஒட்டி அனுப்பாதீர்கள். சாய்த்து உறைய வைத்த நியூட்ரியன்ட் அகார், திருகு மூடி உள்ள சின்ன பாட்டில், அதில் ஒரே ஒரு காலனியிலிருந்து எடுத்த சுத்தமான வளர்ச்சி. அதைப் பஞ்சு சுற்றிக் கசியாத டப்பாவில் வைத்து, அந்த டப்பாவை இன்னொரு கெட்டியான பெட்டியில் வையுங்கள். சீட்டில் வயது, நோய், எங்கிருந்து எடுத்தது, நீங்கள் செய்த சோதனைகள், எதில் சந்தேகம் என்று எழுதுங்கள். 'கிருமி ஒன்று' என்று எழுதாதீர்கள்.

பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மூரில் உண்டு. ரத்தக் குழாய், சீட்டு எல்லாம் அப்படித்தான் போகின்றன. வளர்த்த கிருமிக்கு அது கூடாது. அதிலும் சூடோமல்லை வளர்ப்பு, சர்வதேசப் போக்குவரத்து விதிப்படி மிக ஆபத்தான ஏ பிரிவில் வருவது. முதலில் அந்த லேபுக்கு போன் போட்டு 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று சொல்லுங்கள். எப்படிக் கட்டுவது, யார் வந்து வாங்குவது என்று அவர்கள் சொன்ன பிறகு அனுப்பலாம்.